இஎல்3 மானிட்டரில் உலகம் மாற்றுவது எப்படி: கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆர்ம்வி8-ஏ பிராசசரில், ரகசிய வேலைகளுக்கான செக்யூர் உலகமும், லினக்ஸ் போன்றவை ஓடும் நார்மல் உலகமும் ஒரே கோரில் மாறி மாறி ஓடுகின்றன. நடுவில் நின்று ஒன்றை எடுத்து வைத்து இன்னொன்றை ஏற்றி விடுவது இஎல்3-இல் இருக்கும் மானிட்டர். அதிகார நிலைகளில் இஎல்3-தான் உச்சி; யூசர் புரோகிராமுக்கு இஎல்0, கெர்னலுக்கு இஎல்1, ஹைப்பர்வைசருக்கு இஎல்2. ஒரு உலகம் விட்ட இடத்திலிருந்து தொடரத் தேவையான ரிஜிஸ்டர் மதிப்புகள்தான் அதன் கான்டெக்ஸ்ட். அதைச் சொந்தமாக எழுதப் போகிறவர்களுக்கும், ட்ரஸ்டெட் ஃபர்ம்வேர்-ஏ போல ஏற்கெனவே எழுதப்பட்ட ஒன்றில் கை வைக்கப் போகிறவர்களுக்கும் இது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். சி நன்றாகவே எழுதுவார்கள். அசெம்பிளியும் பத்து நாளில் கைவந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதே நான்கைந்து இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் கோடு தப்பாக இருக்காது, வரிசை தப்பாக இருக்கும். அல்லது ஒரு ரிஜிஸ்டர் யாருடையது என்று யாருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

எந்த உலகம் ஓடுகிறது என்பதைச் சொல்ல ஹார்டுவேர் நமக்குத் தருவது ஒரே ஒரு பிட். மெமரியைப் பிரித்து வைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ரிஜிஸ்டர்களைப் பிரித்து வைப்பது முழுக்க நம் பொறுப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொடங்க, பிராசசரைக் கம்ப்யூட்டரிலேயே போலியாக ஓட்டிக் காட்டும் க்யூஇஎம்யூ போதும். அதன் விர்ட் மெஷினை செக்யூர் வசதியை ஆன் செய்து ஓட்டினால் இஎல்3 கிடைக்கும். பிழை தேடும் கருவியான ஜிடிபி-யை இணைத்து, முதல் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நிறுத்தி, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் போர்டைத் தொடவே வேண்டாம்.

ஆனால் க்யூஇஎம்யூ கேஷைப் போலியாக நடத்திக் காட்டுவதில்லை, ஊகத்தில் முன்கூட்டி ஓடுவதும் இல்லை. பேரியர் (ஐஎஸ்பி, டிஎஸ்பி போல வரிசையைக் காக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) விட்டுப் போனாலும், கேஷைக் கழுவாமல் விட்டாலும் அதில் எல்லாம் சரியாகவே ஓடும். அதனால் கடைசிச் சோதனைக்கு ஒரு நிஜ போர்டும் சீரியல் கேபிளும் கட்டாயம் வேண்டும்.

ஆர்ம் ஆர்க்கிடெக்சர் மேனுவலை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். இதைச் சும்மா சொல்லவில்லை, அடுத்த படி முழுவதும் அந்த நோட்டில்தான் நடக்கிறது.

மானிட்டரை கம்பைல் செய்யும்போது, பொது ரிஜிஸ்டர்களை மட்டும் பயன்படுத்து என்று கம்பைலருக்குச் சொல்லும் கொடியை (ஃபிளாக்) முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சாதாரண கட்டமைப்பை (ஸ்ட்ரக்ட்) நகலெடுக்கக்கூட கம்பைலர் வெக்டர் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்ளும். அங்கே நார்மல் உலகத்தின் மதிப்பு இருந்திருந்தால் அது போய்விட்டது.

## 2. எந்த ரிஜிஸ்டர் யாருடையது என்று எழுதுங்கள்

கோடு எழுதும் முன் ஒரு பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு ரிஜிஸ்டருக்கும் நேரே மூன்றில் ஒரு பதில் வரவேண்டும்: மானிட்டருடையது, ஒவ்வொரு உலகத்துக்கும் தனி நகல் ஹார்டுவேரிலேயே இருக்கிறது, அல்லது இரண்டு உலகமும் ஒரே ரிஜிஸ்டரைப் பகிர்கின்றன. மூன்றாவது வகையைத்தான் நாம் சேமித்து மீட்க வேண்டும்.

பழைய 32-பிட் பாடங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆர்ம்வி7-இல் பேஜ் டேபிள் முகவரி, எம்எம்யூ (முகவரியை மொழிபெயர்க்கும் பகுதி) கட்டுப்பாடு போன்ற பல ரிஜிஸ்டர்களுக்கு இரண்டு உலகத்துக்கும் இரண்டு நகல் இருந்தது. 64-பிட்டில் அப்படி இல்லை. எஸ்சிடிஎல்ஆர், டிடிபிஆர்0, டிடிபிஆர்1, டிசிஆர், எம்ஏஐஆர், விபிஏஆர் என்று இஎல்1-இன் முக்கிய ரிஜிஸ்டர்கள் எல்லாமே ஒன்றுதான். நீங்கள் மாற்றாவிட்டால் செக்யூர் ஓஎஸ், லினக்ஸின் பேஜ் டேபிளோடு எழுந்திருக்கும்.

பொது ரிஜிஸ்டர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை மொத்தம் 31. கூடவே இஎல்0-வின் ஸ்டாக் பாயின்டரான எஸ்பி_இஎல்0. இந்தக் கடைசி ஒன்றைத்தான் மறப்பார்கள். "அது யூசர் ஸ்டாக்தானே, எஸ்எம்சி கூப்பிடுவது கெர்னல்தானே" என்று நினைப்பார்கள். (எஸ்எம்சி என்பது மானிட்டரைக் கூப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன்.) 64-பிட் லினக்ஸ் கெர்னல், தான் ஓடும்போது எஸ்பி_இஎல்0-வில் நடப்பு டாஸ்க்கின் முகவரியை வைத்திருக்கிறது. மானிட்டரோ தன் சி ஸ்டாக்குக்கு அதே எஸ்பி_இஎல்0-வைப் பயன்படுத்தும். சேமிக்காமல் விட்டால், திரும்பிப் போன கெர்னல் தன் டாஸ்க் என்று நினைத்து உங்கள் ஸ்டாக்கைப் படிக்கப் போகும். அது செக்யூர் மெமரி. அங்கேயே விழும்.

அடுத்து, "தற்காலிக" ரிஜிஸ்டர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு இது இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

வேலந்தாவளத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் பட்டியல் போடும்போது கேட்டார்: "அண்ணா, எஃப்ஏஆர் வந்து ஃபால்ட் ஆன அட்ரஸ்தானே? ஃபால்ட் வந்த உடனே கெர்னல் படிச்சுடும். அதை எதுக்கு சேவ் பண்ணணும்?" எனக்கும் அன்றைக்கு அது சரியாகவே பட்டது. விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து, போர்டில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புரோகிராம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு புரோகிராம். விழுந்த முகவரியைப் பார்த்தால் அந்தப் புரோகிராமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று.

நடந்தது இது. யூசர் புரோகிராமில் ஒரு பேஜ் ஃபால்ட். பிராசசர் இஎல்1-க்கு வந்து எஃப்ஏஆர்_இஎல்1-இல் முகவரியை எழுதுகிறது. கெர்னல் அதைப் படிக்க இன்னும் சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் பாக்கி. அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு செக்யூர் இன்டரப்ட். கெர்னல் அப்போது இன்டரப்ட்களை மறைத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் இஎல்3-க்கு என்று வழி திருப்பப்பட்ட இன்டரப்ட்டை இஎல்1-இல் போடும் மறைப்பு தடுக்காது. உலகம் மாறியது, செக்யூர் ஓஎஸ்ஸிலும் ஒரு பேஜ் ஃபால்ட் வந்தது, எஃப்ஏஆர் அழிந்தது. திரும்பி வந்த கெர்னல் வேறொருவரின் முகவரியைப் படித்து, அப்பாவிப் புரோகிராமைக் கொன்றது.

இஎஸ்ஆர்_இஎல்1 (எக்ஸெப்ஷனின் காரணம்), இஎல்ஆர்_இஎல்1 (திரும்பும் முகவரி), எஸ்பிஎஸ்ஆர்_இஎல்1 (திரும்பும் நிலை), பிஏஆர்_இஎல்1 (முகவரி மொழிபெயர்ப்பின் விடை) எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "உடனே படித்துவிடுவார்கள்" என்ற பேச்சுக்கு மானிட்டரில் இடம் கிடையாது. எந்த இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு நடுவிலும் நீங்கள் கூப்பிடப்படலாம்.

பட்டியலில் இவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எஸ்பி_இஎல்1, மூன்று டிபிஐடிஆர் ரிஜிஸ்டர்கள், கான்டெக்ஸ்ட் ஐடி, சிபிஏசிஆர், சிஎன்டிகேசிடிஎல், சிஎஸ்எஸ்இஎல்ஆர், ஏஎஃப்எஸ்ஆர் இரண்டு, ஏஎம்ஏஐஆர். பாயின்டர் ஆதென்டிகேஷன் (திரும்பும் முகவரி போன்றவற்றில் கையெழுத்திட்டுச் சரிபார்க்கும் வசதி) உள்ள கோர் என்றால் ஐந்து சாவிகள். ஒவ்வொன்றும் 128 பிட், ஆக 10 ரிஜிஸ்டர்.

முகவரி மொழிபெயர்ப்புகளை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அதன் பதிவுகளில் எந்த உலகம் என்ற அடையாளம் சேர்ந்தே இருக்கிறது. உலகம் மாறும்போது அதைக் காலி செய்ய வேண்டாம். பயத்தில் காலி செய்கிறவர்கள் வேகத்தைத்தான் இழக்கிறார்கள்.

## 3. கான்டெக்ஸ்டுக்கு மெமரியில் இடம் ஒதுக்குங்கள்

ஒரு கோருக்கு, ஒரு உலகத்துக்கு, ஒரு கான்டெக்ஸ்ட். நான்கு கோர், இரண்டு உலகம் என்றால் எட்டு. உலகளாவிய மாறி ஒன்றே ஒன்றை வைத்துத் தொடங்குகிறவர்களை நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். ஒற்றைக் கோரில் அது அழகாக ஓடும், அதனால்தான் ஆபத்து. க்யூஇஎம்யூவை முதல் நாளிலிருந்தே நான்கு கோரோடு ஓட்டுங்கள்.

இந்தக் கோரின் கான்டெக்ஸ்ட் எங்கே என்று கண்டுபிடிக்க டிபிஐடிஆர்_இஎல்3 வசதியானது. இஎல்3-க்கு மட்டுமே உரியது என்பதால் கீழே இருப்பவர்கள் யாரும் அதைத் தொட முடியாது.

அமைப்பில் மூன்று விஷயம் கவனியுங்கள். எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை 248 பைட், எஸ்பி_இஎல்0 சேர்ந்தால் 256. ஸ்டாக் பாயின்டர் வழியாக மெமரியைத் தொடும்போது அது 16 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும், ஆகவே கான்டெக்ஸ்ட் தொடங்கும் இடமும் அப்படியே இருக்கட்டும். ஜோடி ஜோடியாகச் சேமிக்கும் இன்ஸ்ட்ரக்ஷனில் 64-பிட் ரிஜிஸ்டர்களுக்கு அதிகபட்ச தூரம் 504 பைட்தான். அடிக்கடி தொடும் பொது ரிஜிஸ்டர்களை முன்னால் வையுங்கள், சிஸ்டம் ரிஜிஸ்டர்கள் பின்னால் போகட்டும்.

சி-யில் ஒரு கட்டமைப்பு, அசெம்பிளியில் அதே தூரங்கள் எண்களாக. இரண்டும் ஒரு நாள் கட்டாயம் விலகிப் போகும். கம்பைல் நேரத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பில்டை நிறுத்தும் சரிபார்ப்பை எழுதி வையுங்கள். நடுவில் ஒரு புலத்தைச் சேர்த்துவிட்டு ஒரு நாள் முழுவதும் தேடிய அனுபவம் எங்கள் மேஜையில் எல்லோருக்கும் உண்டு.

## 4. முதல் தடவை நுழைவதற்கான கான்டெக்ஸ்டைக் கையால் நிரப்புங்கள்

இதுவரை ஓடாத உலகத்துக்குச் சேமித்த நிலை என்று எதுவும் இருக்காது. நாமே உருவாக்க வேண்டும். தேவை மூன்று: எங்கே தொடங்குவது என்பது இஎல்ஆர்_இஎல்3-க்கு, எந்த நிலையில் தொடங்குவது என்பது எஸ்பிஎஸ்ஆர்_இஎல்3-க்கு, எந்த உலகம் என்பது எஸ்சிஆர்_இஎல்3-க்கு.

எஸ்பிஎஸ்ஆர் மதிப்பை யூகத்தில் போடாதீர்கள். எல்லா இன்டரப்ட்களையும் மறைத்து, இஎல்1-இல் அதன் சொந்த ஸ்டாக்கோடு தொடங்க ஹெக்ஸில் 3சி5. இஎல்2 என்றால் 3சி9. மறைக்காமல் அனுப்பினால், வெக்டர் டேபிளை (எக்ஸெப்ஷன் வந்தால் பிராசசர் குதிக்கும் இடங்களின் அட்டவணை) அமைக்கும் முன்பே இன்டரப்ட் வந்து, அந்த ஓஎஸ் எங்கோ குதித்துவிடும்.

எஸ்சிஆர்_இஎல்3-ஐ ஒவ்வொரு உலகத்தின் கான்டெக்ஸ்டிலும் தனித்தனியாக வையுங்கள். எந்த உலகம் என்று சொல்லும் என்எஸ் (நான்-செக்யூர்) பிட் 0, ஐஆர்க்யூ பிட் 1, எஃப்ஐக்யூ பிட் 2 (இந்த இரண்டு வகை இன்டரப்ட்களை இஎல்3-க்குத் திருப்புபவை), கீழே 64-பிட் ஓடும் என்று சொல்வது பிட் 10. பிட் 10-ஐ மறந்தால் கீழே இருப்பது 32-பிட் என்று பிராசசர் எடுத்துக்கொள்ளும். 64-பிட் இஎல்1-ஐக் கேட்கும் எஸ்பிஎஸ்ஆரோடு முரண்பட்டு, கீழ் நிலைக்கு இறக்கும் இன்ஸ்ட்ரக்ஷனான ஈரெட் போன இடம் தெரியாமல் போகும்.

நார்மல் உலகத்தை இஎல்1-இல் தொடங்குகிறீர்கள், ஆனால் கோரில் இஎல்2 இருக்கிறது என்றால், இஎல்2-ஐயும் நீங்களே தயார் செய்ய வேண்டும். ஹெச்சிஆர்_இஎல்2-இல் பிட் 31, விர்ச்சுவல் டைமரின் ஆஃப்செட்டுக்குப் பூஜ்யம், அப்புறம் விபிஐடிஆர், விஎம்பிஐடிஆர். இந்தக் கடைசி இரண்டை விட்டால், இஎல்1-இல் "நான் எந்தக் கோர்" என்று கேட்கும் கெர்னலுக்குக் குப்பை பதில் வரும். பூட் ஆகி இரண்டாவது வரியிலேயே நிற்கும்.

## 5. நுழையும் வாசல்: வெக்டரில் முதல் சில இன்ஸ்ட்ரக்ஷன்கள்

வெக்டர் டேபிள் 2 கேபி, 2 கேபி எல்லையில் தொடங்க வேண்டும். உள்ளே 16 நுழைவுகள், ஒவ்வொன்றுக்கும் 128 பைட், அதாவது 32 இன்ஸ்ட்ரக்ஷன். கீழ் நிலையிலிருந்து 64-பிட்டில் வருபவை ஹெக்ஸ் 400-இல் தொடங்குகின்றன, 32-பிட்டில் வருபவை 600-இல்.

உள்ளே வந்ததும் பிராசசர் எஸ்பி_இஎல்3-ஐத் தேர்ந்திருக்கும். நாம் வெளியே போகும்போதே அதை அந்த உலகத்தின் கான்டெக்ஸ்டை நோக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால், இப்போது எதையும் தேட வேண்டாம். கையில் ஒரு காலி ரிஜிஸ்டர்கூட இல்லாத நேரம் இது. முகவரியைக் கணக்குப் போட வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை அழித்தாக வேண்டும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

முதலில் எக்ஸ்30-ஐச் சேமியுங்கள். வேறு ஃபங்ஷனைக் கூப்பிட்ட கணமே அது அழியும் என்பதால் அதற்குத்தான் முதல் இடம். பிறகு மற்றவை, பிறகு எஸ்பி_இஎல்0. இவை முடிந்த பின்தான் எஸ்பி_இஎல்0-வில் மானிட்டரின் சி ஸ்டாக்கை ஏற்றி அதற்கு மாற வேண்டும். வரிசையை மாற்றினால் கெர்னலின் மதிப்புக்குப் பதில் உங்கள் ஸ்டாக் முகவரியையே சேமித்து வைப்பீர்கள்.

எஸ்பிஎஸ்ஆர், இஎல்ஆர், எஸ்சிஆர் மூன்றையும் இங்கேயே எடுத்து வையுங்கள். "வெளியே போகும்போது அப்படியேதானே இருக்கும்" என்று விட்டால், மானிட்டருக்குள்ளேயே ஒரு எக்ஸெப்ஷன் வரும் நாளில் அவை அழியும்.

பாயின்டர் ஆதென்டிகேஷன் இருந்தால், சி-க்குள் போகும் முன் சாவியை மாற்றுங்கள். அந்த ரிஜிஸ்டர்களின் பெயரில் இஎல்1 என்று இருந்தாலும் இஎல்3-உம் அதே சாவியைத்தான் பயன்படுத்தும். சாவி மாற்றும் ஃபங்ஷனே கையெழுத்திட்டு நுழைந்தால், வெளியேறும்போது சாவி வேறாகி அங்கேயே விழும். அதை அசெம்பிளியில் எழுதி, கையெழுத்து இல்லாமல் விடுங்கள்.

பிழை தேடும்போது ஒரு சின்ன உதவி: ஹெக்ஸ் 000 வரிசையில் எக்ஸெப்ஷன் வந்தால் மானிட்டரின் சி கோடு விழுந்திருக்கிறது. 200 வரிசையில் வந்தால் எஸ்பி_இஎல்3-இல் இருக்கும்போது, அதாவது நுழைவு அல்லது வெளியேற்ற அசெம்பிளியில் விழுந்திருக்கிறது. இந்த எட்டு நுழைவுகளிலும் சீரியலில் ஒவ்வொரு எழுத்தை அச்சிட வையுங்கள்.

## 6. ஏன் வந்தார்கள் என்று பாருங்கள்

இஎஸ்ஆர்_இஎல்3-இல் எக்ஸெப்ஷன் வகுப்பு ஹெக்ஸ் 17 என்றால் 64-பிட் எஸ்எம்சி, 13 என்றால் 32-பிட் எஸ்எம்சி. வேறு எதுவாக இருந்தாலும் அது எஸ்எம்சி அல்ல, அந்தப் பாதையில் விடாதீர்கள்.

எக்ஸ்0-வின் கீழ் 32 பிட்டில் ஃபங்ஷன் எண் இருக்கும். பிட் 31 ஒன்று என்றால் வேகமாக முடியும் அழைப்பு, பூஜ்யம் என்றால் நடுவில் நிறுத்தி மீண்டும் தொடரக்கூடியது. பிட் 30, 64-பிட்டா என்று சொல்லும். 29 முதல் 24 வரை யாருக்கான அழைப்பு என்ற எண்: கோர்களை எழுப்பி அணைக்கும் பிஎஸ்சிஐ இருக்கும் நிலையான செக்யூர் சேவைக்கு 4, செக்யூர் ஓஎஸ்ஸுக்கு 50 முதல் 63 வரை. தெரியாத எண் வந்தால் எக்ஸ்0-வில் கழித்தல் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறுங்கள்.

இங்கே வரும் பிழை ஒன்று மிகப் பழகியது. திரும்பும் முகவரியோடு 4-ஐக் கூட்டுவார்கள். எஸ்எம்சி நேராக இஎல்3-க்கு வந்தால் இஎல்ஆர்_இஎல்3 ஏற்கெனவே அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனைத்தான் காட்டும். கூட்டினால் ஒன்றைத் தாண்டிக் குதித்துவிடும். ஹைப்பர்வைசர் இஎல்2-இல் எஸ்எம்சி-யைப் பொறியில் பிடிக்கும்போதுதான் முகவரி எஸ்எம்சி-யையே காட்டும். அங்கே படித்ததை இங்கே கொண்டு வந்து ஒட்டுகிறார்கள்.

## 7. உலகத்தை மாற்றும் வரிசை

இதுதான் மையம். நார்மலிலிருந்து செக்யூருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பொது ரிஜிஸ்டர்கள் ஏற்கெனவே நார்மல் கான்டெக்ஸ்டில் இருக்கின்றன.

முதலில் இஎல்1 சிஸ்டம் ரிஜிஸ்டர்கள் அனைத்தையும் நார்மல் கான்டெக்ஸ்டில் சேமியுங்கள். முழுவதையும். பாதி சேமித்து, கொஞ்சம் மீட்டு, மறுபடி சேமிப்பது என்ற கலவை வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் கடையில் மலையாளத்தில் பேசிவிட்டு வீட்டுக்காரரிடம் தமிழில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லோருக்கும் பழக்கம். வாக்கியத்தை எங்கே விட்டோம் என்று நினைவிருப்பதால்தான் அது முடிகிறது. மானிட்டருக்கு அந்த நினைவு இந்தச் சேமிப்பு மட்டுமே.

இரண்டாவது, எக்ஸ்0 முதல் வரும் தரவுகளை செக்யூர் கான்டெக்ஸ்டின் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். நேரே ரிஜிஸ்டரில் விட்டுச் செல்லாதீர்கள். வெளியேறும்போது எப்படியும் கான்டெக்ஸ்டிலிருந்துதான் எல்லாம் ஏற்றப்படும்.

மூன்றாவது, செக்யூர் இஎல்1 ரிஜிஸ்டர்களை மீட்டெடுங்கள். இதை முதல் படிக்கு முன்னால் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விளைவு, செக்யூர் பேஜ் டேபிளின் முகவரி நார்மல் கான்டெக்ஸ்டில் சேமிக்கப்படும். திரும்பி வரும் கெர்னல் தன்னால் தொடவே முடியாத மெமரியில் பேஜ் டேபிளைத் தேடும். அப்புறம் ஒரு எழுத்துகூட அச்சாகாது.

நான்காவது, எஸ்பி_இஎல்3-ஐ செக்யூர் கான்டெக்ஸ்டுக்குத் திருப்புங்கள். என்எஸ் பிட்டைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அடுத்த படியில்.

என்எஸ் பிட்டை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்? அதை மாற்றினால் மானிட்டரே நான்-செக்யூர் ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. என்எஸ் எதுவாக இருந்தாலும் இஎல்3 செக்யூராகவே இருக்கும். காரணம் வேறு. ஐசிசி_எஸ்ஆர்இ_இஎல்1 போன்ற சில ஜிஐசி (இன்டரப்ட் கன்ட்ரோலர்) ரிஜிஸ்டர்களுக்கு இரண்டு நகல் உண்டு. இஎல்3-இலிருந்து தொடும்போது எந்த நகல் என்பதை என்எஸ்தான் முடிவு செய்யும். சீக்கிரமே மாற்றிவிட்டால் நடுவில் கூப்பிடப்படும் ஜிஐசி கோடு வேறு நகலில் எழுதும். வேண்டுமென்றே நகலை மாற்றித் தொட வேண்டிய இடத்தில், என்எஸ்ஸை எழுதியதும் ஓர் ஐஎஸ்பி போட்டு, வேலை முடிந்ததும் பழையபடி திருப்பி வையுங்கள்.

இன்னொன்று க்யூஇஎம்யூவில் தெரியாதது. இஎல்1 ரிஜிஸ்டர்களைப் பாதி மாற்றிய நிலையில், கார்டெக்ஸ்-ஏ76, ஏ55, ஏ72 உள்ளிட்ட சில கோர்கள் முகவரி மொழிபெயர்ப்பு இன்ஸ்ட்ரக்ஷனை ஊகத்தில் ஓட்டி, தப்பான டிஎல்பி பதிவை உருவாக்கலாம். இது அறிவிக்கப்பட்ட எர்ராட்டா, அதாவது சிப்பிலேயே உள்ள பிழை. மாற்றம் தொடங்கும் முன் டிசிஆர்_இஎல்1-இல் பேஜ் டேபிள் நடையை நிறுத்தும் பிட்களை வைத்து, ஐஎஸ்பி போட்டு, எல்லாம் மீட்ட பிறகு கடைசியாக உண்மையான டிசிஆர், எஸ்சிடிஎல்ஆர் மதிப்புகளை ஏற்றுவதுதான் மருந்து. உங்கள் கோருக்கான எர்ராட்டா ஆவணத்தைத் திறந்து பாருங்கள்.

## 8. வெளியேறும் வாசல்

சி ஸ்டாக்கின் முகவரியைக் கான்டெக்ஸ்டில் குறித்துவிட்டு எஸ்பி_இஎல்3-க்குத் திரும்புங்கள். எஸ்சிஆர், எஸ்பிஎஸ்ஆர், இஎல்ஆர் மூன்றையும் ஏற்றுங்கள். பிறகு எஸ்பி_இஎல்0, பொது ரிஜிஸ்டர்கள், ஈரெட். சிஸ்டம் ரிஜிஸ்டர்களை ஏற்ற ஒரு பொது ரிஜிஸ்டர் இடைக்கருவியாக வேண்டும் என்பதால் பொது ரிஜிஸ்டர்கள் கடைசி.

ஈரெட்டுக்கு அடுத்து ஒரு டிஎஸ்பி, ஒரு ஐஎஸ்பி. ஈரெட்டைத் தாண்டி நேராக ஊகத்தில் ஓடும் கோர்கள் இருக்கின்றன, அவற்றைத் தடுக்க இது. அந்த இரண்டும் நிஜத்தில் ஒருபோதும் ஓடப்போவதில்லை, அதனால் தேவையில்லை என்று அழிக்காதீர்கள்.

எஸ்எம்சி விதிமுறையின் 1.1 பதிப்பின்படி, நார்மலுக்குத் திரும்பும்போது பதில் எக்ஸ்0 முதல் எக்ஸ்3 வரை மட்டும். எக்ஸ்4 முதல் எக்ஸ்17 வரை அழைத்தவரின் பழைய மதிப்பே இருக்க வேண்டும் என்று அதே பதிப்பு சொல்கிறது. நேரம் மிச்சம் என்று சிலர் இவற்றை மீட்காமல் விடுகிறார்கள். செக்யூர் ஓஎஸ் கடைசியாகக் கையாண்ட சாவியின் ஒரு துண்டு அதில் வெளியே போகலாம். இதில் சமரசமே கூடாது.

## 9. இன்டரப்ட்கள்

ஜிஐசிவி3-இல் ஒரே இன்டரப்ட் எந்த உலகம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வேறு முகத்தோடு வரும். குரூப் 0 எப்போதும் எஃப்ஐக்யூ. செக்யூர் குரூப் 1, செக்யூர் ஓஎஸ் ஓடும்போது ஐஆர்க்யூ, நார்மல் ஓடும்போது எஃப்ஐக்யூ. நான்-செக்யூர் குரூப் 1 இதற்கு நேர் எதிர். சுருக்கமாக, மற்ற உலகத்துக்கு உரியது எஃப்ஐக்யூவாக வரும்.

அதனால் நார்மல் கான்டெக்ஸ்டின் எஸ்சிஆரில் எஃப்ஐக்யூ பிட் ஒன்று, ஐஆர்க்யூ பிட் பூஜ்யம். செக்யூர் பக்கத்தில் எஃப்ஐக்யூ பிட் என்ன என்பது உங்கள் முடிவு. ஒன்று வைத்தால் நார்மல் உலகத்தின் இன்டரப்ட் வந்ததும் செக்யூர் வேலை நடுவிலேயே நிறுத்தப்படும், லினக்ஸுக்குத் தாமதம் இருக்காது. பூஜ்யம் வைத்தால் செக்யூர் ஓஎஸ் தன்னைச் சுத்தமாக மூடி வைத்துவிட்டுத் தானே எஸ்எம்சி மூலம் வெளியேறலாம். புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது செக்யூர் ஓஎஸ்ஸின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஜிஐசிவி2 உள்ள பழைய போர்டில் இந்த முகமாற்றம் கிடையாது. அதற்கு எழுதியதை இதில் ஒட்டாதீர்கள்.

## 10. வெக்டர் ரிஜிஸ்டர்கள்

32 ரிஜிஸ்டர், ஒவ்வொன்றும் 128 பிட், மொத்தம் 512 பைட். ஒவ்வொரு எஸ்எம்சி-க்கும் இதைச் சேமிப்பது வீண். செக்யூர் ஓஎஸ் வெக்டரைத் தொடவே இல்லை என்றால் விட்டுவிடலாம், ஆனால் அதை நம்பிக்கையில் விடாதீர்கள். சிபிடிஆர்_இஎல்3-இல் பிட் 10-ஐ வைத்தால் தொட்ட கணமே மானிட்டருக்கு வந்துவிடும். அப்போது சேமித்து, பிட்டை எடுத்துவிட்டு, அதே இன்ஸ்ட்ரக்ஷனுக்குத் திரும்பலாம். எஃப்பிசிஆர், எஃப்பிஎஸ்ஆர் இரண்டையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 11. கோர் தூங்கி எழும்போது

பவர் போனால் இஎல்1 ரிஜிஸ்டர்கள் போய்விடும். தூங்கும் முன் செக்யூர் ஓஎஸ்ஸுக்குத் தகவல் சொல்லி அதன் கான்டெக்ஸ்டையும் சேமிக்க வேண்டும். எழுந்ததும் நார்மலுக்குப் போகும் முன் அதை எழுப்ப வேண்டும்.

புதிய கோரை எழுப்பும்போது, அதன் கான்டெக்ஸ்டை எழுப்புகிற கோர்தான் எழுதுகிறது, கேஷ் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில். எழும் கோரோ எம்எம்யூ இல்லாமல் மெமரியை நேரே படிக்கும். இடையில் கேஷிலிருந்து மெமரிக்குத் தள்ளாவிட்டால் பழைய குப்பையைப் படிக்கும். க்யூஇஎம்யூவில் நூறு தடவை சரியாக எழுந்த கோர் போர்டில் எழாவிட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

## 12. சோதிப்பது

நார்மல் பக்கத்தில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதுங்கள். எக்ஸ்4 முதல் எக்ஸ்30 வரை ஒவ்வொன்றிலும் தன் எண்ணைக் கொண்ட ஒரு மதிப்பை நிரப்பி, டிபிஐடிஆர், எஃப்ஏஆர், பிஏஆர் போன்றவற்றிலும் அதேபோல் எழுதி, எஸ்எம்சி கூப்பிட்டு, திரும்பியதும் ஒப்பிடுங்கள். செக்யூர் பக்கம் வேண்டுமென்றே அதே ரிஜிஸ்டர்கள் அனைத்தையும் வேறு மதிப்பால் அழிக்க வேண்டும். அழிக்காத சோதனை எதையும் நிரூபிக்காது. செக்யூர் டைமர் இன்டரப்ட் வேகமாக வந்துகொண்டிருக்கும்போது, நான்கு கோரிலும் ஒரே நேரத்தில், இரவு முழுக்க ஓட விடுங்கள்.

நோயைப் பார்த்து ரிஜிஸ்டரைச் சொல்லிவிடலாம். கெர்னல் தன் நடப்பு டாஸ்க்கைத் தொட்டதும் விழுந்தால் எஸ்பி_இஎல்0. ஒவ்வொரு கோருக்குமான மாறிகளில் குழப்பம் என்றால் டிபிஐடிஆர்_இஎல்1. கெர்னல் நன்றாக ஓடி, த்ரெட் பயன்படுத்தும் யூசர் புரோகிராம் மட்டும் விழுந்தால் டிபிஐடிஆர்_இஎல்0. யூசர் புரோகிராம் நேரம் கேட்கும்போது மட்டும் சிக்கினால் சிஎன்டிகேசிடிஎல். எப்போதாவது சம்பந்தமில்லாத முகவரியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால், எஃப்ஏஆர்.

கெர்னல் இஎல்2-இலேயே ஓடும் அமைப்பில் ஒரு எச்சரிக்கை. அங்கே கெர்னல் இஎல்1-இன் பேஜ் டேபிள், ஃபால்ட் ரிஜிஸ்டர்களைத் தனக்கென்று பயன்படுத்துவதே இல்லை, அவை விர்ச்சுவல் மெஷினுக்கு உரியவை. நீங்கள் பாதியை விட்டிருந்தாலும் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஒரு விர்ச்சுவல் மெஷினை உள்ளே ஓடவிட்டு, அதற்குள் அதே இரவுச் சோதனையை இன்னொரு முறை நடத்தி முடித்த பிறகு வேலையை ஒப்படையுங்கள்.